அரசர் வராத நாட்டில் ஒரு கூட்டணி

கேள்வி: விடுதலை பெற்ற மறுவருடமே பின்லாந்தில் மன்னராட்சி கேட்டவர்களும் குடியரசு கேட்டவர்களும் ஒரே அமைச்சரவையில் இருந்தார்களாமே, எப்படி ஒத்துப்போனது?

பதில்: வேறு வழியில்லாமல்தான் சேர்ந்தார்கள். 1917 டிசம்பர் 6-ல் ரஷ்யாவிடமிருந்து விடுதலை, அடுத்த மாதமே உள்நாட்டுப் போர், அதில் செத்தவர்கள் 36,000-க்கும் மேல். போரில் இடதுசாரித் தொழிலாளர் படையான ‘சிவப்பர்’ தோற்றார்கள்; வென்ற ‘வெள்ளையர்’, அதாவது அரசுத் தரப்பு, ஜெர்மனியை மலைபோல நம்பி, 1918 அக்டோபரில் ஹெஸ்ஸே இளவரசர் பிரீட்ரிக் கார்லை அரசராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த மாதமே முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றுவிட்டது! அவர் பின்லாந்துக்கு வரவே இல்லை, டிசம்பரில் கிரீடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதற்குள் நவம்பர் 27-ல் லவுரி இங்மன் தலைமையில் இரு தரப்பும் கலந்த அமைச்சரவை அமைந்துவிட்டது. இங்மன் ஒரு பாதிரியார், இறையியல் பேராசிரியர், அவரே மன்னராட்சிக்காரர். ஆனால் ஊரில் பசி. மாவோடு பைன் மரத்தின் உள்பட்டையை இடித்துச் சேர்த்து ரொட்டி சுட்ட காலம் அது. தானியம் போரில் வென்ற நாடுகளிடமிருந்துதான் வர வேண்டும், பிரிட்டனும் அமெரிக்காவும் இந்த நாட்டை அங்கீகரிக்கவும் வேண்டும், ஜெர்மன் அரசரைக் கட்டிக்கொண்டு அவர்களிடம் போய் நிற்க முடியுமா? வெள்ளையருக்கு உதவ வந்திருந்த ஜெர்மன் படைகள் நாட்டைவிட்டுப் போயின, 1919 மார்ச்சில் புதிய தேர்தல் நடந்தது, மே மாதம் இரண்டு நாடுகளும் அங்கீகரித்தன. ஜூலை 17-ல் குடியரசு அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர் மன்னராட்சியை விரும்பிய மன்னர்ஹைம்தான், உள்நாட்டுப் போரில் வெள்ளையர் படைத்தளபதியாக இருந்து, அப்போது அரசப் பிரதிநிதியாக இருந்தவர்.

சரி, எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. அந்தக் கூட்டணியில் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர்கூட இல்லை. அந்தக் கட்சி உள்நாட்டுப் போரில் சிவப்பர் பக்கம் நின்ற கட்சி. தோற்ற சிவப்பர்களில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் சிறை முகாம்களில் பசியிலும் நோயிலும் செத்திருந்தார்கள். அப்படியும் அந்த மார்ச் தேர்தலில் 200 இடங்களில் 80-ஐ மக்கள் அந்தக் கட்சிக்கே கொடுத்தார்கள், அடுத்து வந்த காஸ்ட்ரேன் அமைச்சரவையிலும் அவர்களுக்கு இடமில்லை. ஒரு கூட்டணியை எடைபோட, உள்ளே இருப்பவர்களோடு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் பார்க்க வேண்டும் என்பேன்.

சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கையில் அரசு வர 1926 டிசம்பர் ஆனது, அவர்களின் தலைவர்களில் ஒருவரான வைனோ டன்னர் பிரதமரானார். அப்புறம் 1927 மே மாதம் குடியரசுத் தலைவர் உடல்நலமில்லாமல் இருந்ததால், வெள்ளையரின் வெற்றிநாள் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டதும் அதே டன்னர்தான்.