பவுலின் மேலங்கி

வணக்கம் ஐயா,

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாத குடும்பம் எங்களுடையது. தொடக்கக் கல்லூரியில் படிக்கும் மகள் போன வாரம் கேட்டாள்: "பைபிள் முழுக்கக் கடவுள் அருளியதென்றால், பவுல் தன் மேலங்கியை எடுத்துவரச் சொன்னதையும் கடவுளா சொன்னார்?" எனக்குப் பதில் வரவில்லை. பாஸ்டரிடம் கேட்கவும் தயக்கம். நீங்கள் சபைக்கு வெளியே இருப்பவர், ஆனால் வேதம் வாசிப்பவர். என்ன நினைக்கிறீர்கள்?

– ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

மகள் சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறாள். வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டவை என்று சொல்வது, அப்போஸ்தலர் பவுல் தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதம், 3:16. அடுத்த அதிகாரத்திலேயே, துரோவாவில் கார்ப்புவிடம் வைத்துவந்த மேலங்கியையும் தோற்சுருள்களையும் கொண்டுவா, குளிர்காலத்துக்கு முன்பே வந்துவிடு என்கிறது அதே கடிதம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த மேலங்கியின் அருமை தெரியாதுதான். (கடிதமே பவுலுடையதல்ல என்கிற ஆய்வாளர்கள் நிறைய. அந்தச் சண்டை இப்போது வேண்டாம்.)

கடவுள் சொல்லச் சொல்ல மனிதன் எழுதினான் என்ற சித்திரம் பைபிளில் சில இடங்களுக்குத்தான் பொருந்தும். லூக்கா தன் சுவிசேஷத்தின் முதல் நான்கு வசனங்களிலேயே, கண்ணால் கண்டவர்கள் சொன்னதைத் திட்டமாய் விசாரித்து வரிசையாக எழுதுகிறேன் என்கிறார். தேவதூதன் வந்து காதில் ஓதியதாகச் சொல்லவில்லை. பவுல் சொல்ல, ரோமருக்கான கடிதத்தைக் கையால் எழுதிய தெர்தியு, நடுவில் புகுந்து தன் வாழ்த்தையும் சொல்லிவிடுகிறார்.

எனக்கு மிகப் பிடித்தது, கொரிந்து ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் கொரிந்தியர் கடிதம். கிறிஸ்பு, காயு தவிர உங்களில் ஒருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்கிறார் பவுல். உடனே, ஓ, ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்தேன் என்று நினைவு வருகிறது. அப்புறம், வேறு யாருக்காவது கொடுத்தேனா, தெரியாது என்கிறார். எல்லாம் அறிந்தவர் சொல்லச் சொல்ல எழுதியிருந்தால் இந்தத் தடுமாற்றம் எதற்கு? அதை அடித்துத் திருத்தாமல் வேதமாகவே வைத்துக்கொண்டார்களே, அந்தச் சபையார் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இதைச் சொல்வதால் நம்பிக்கைக்குப் பங்கம் என்று பயப்படாதீர்கள். ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கர்களின் திருச்சபை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965இல், கடவுளே வேதத்தின் ஆசிரியர், எழுதிய மனிதர்களும் உண்மையான ஆசிரியர்கள்தான் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது. வேதத்தில் பிழையே இல்லை என்று அடித்துச் சொல்லும் புராட்டஸ்டன்ட்களின் 1978 சிகாகோ அறிக்கைகூட, எழுதியவர்களின் சுபாவத்தைக் கடவுள் அழித்துவிட்டார் என்பதை மறுக்கிறது. நமக்கும் இது புதிதல்ல. இறைவன் என்னைக் கொண்டு தன்னைத் தமிழில் பாடிக்கொண்டான் என்கிறார் நம்மாழ்வார். அதனால் அது ஆழ்வாரின் பாட்டு இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

வேதத்தை அருளிய அந்தத் தேவ ஆவி உண்மையில் இருந்ததா என்று கேட்டால், எந்த ஓலையும் சுருளும் அதற்குச் சாட்சி சொல்லாது. அது நம்புகிறவர்களின் பாடு, நான் தலையிட மாட்டேன்.

மகளை எரேமியா 36ஆம் அதிகாரம் படிக்கச் சொல்லுங்கள். தீர்க்கதரிசி எரேமியா சொல்ல, பாருக்கு என்ற எழுத்தர் எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா துண்டு துண்டாக அறுத்து நெருப்பில் போடுகிறான். இருவரும் மறுபடி எழுதுகிறார்கள், இன்னும் அநேக வார்த்தைகளைச் சேர்த்து. முதல் சுருள் அப்போது முழுமையாக இல்லையா என்று அவள் நிச்சயம் கேட்பாள். அதை மட்டும் பாஸ்டரிடம் அனுப்பிவிடுங்கள்.