சொல் கேளுங்கள்

கேள்வி: ஆங்கிலக் கடிதத்தில் 'டிஸ்க்ரீட்' என்று எழுதினேன். எழுத்துப்பிழை என்று திருத்திவிட்டார்கள். அகராதியிலோ இரண்டு விதமான எழுத்துக்கூட்டல் இருக்கிறதே?

பதில்: இரண்டும் சரியான சொற்களே. உச்சரிப்பு ஒன்று, பொருள் வேறு. கடைசி 'டி' எழுத்துக்கு முன் இரண்டு 'ஈ' ஒட்டி நின்றால் (discreet), பிறர் விஷயத்தை வெளியே விடாத, பக்குவமான நடத்தை. நண்பரின் கடன் பற்றித் தெரிந்தும் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவர் இந்த வகை. 'டி' நடுவில் புகுந்து இரண்டு 'ஈ'யையும் பிரித்தால் (discrete), தனித்தனியான என்று பொருள். பிரிக்கும் 'டி'யே பிரிவைச் சொல்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் தவறவே மாட்டீர்கள். கணினியின் எழுத்துப்பிழைச் சரிபார்ப்பு பல நேரம் இந்தப் பிழையைக் காட்டாது, எழுத்தளவில் இரண்டும் அதற்குச் சரி. இரண்டுக்கும் மூலம், 'பிரிக்கப்பட்ட' என்ற பொருளுள்ள ஒரே லத்தீன் சொல். ஆனால் 'டிஸ்க்ரெஷன்' முதல் சொல்லுக்கு மட்டுமே உரிய பெயர்ச்சொல்.

கேள்வி: 'ப்ரூடன்ட்' (prudent), 'ப்ரூட்' (prude) இரண்டும் உறவா?

பதில்: இல்லை. முன்னது முன்யோசனை உள்ளவர். 'முன்னே பார்ப்பது' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த பாராட்டு. பின்னது பிரெஞ்சு வழி வந்தது. பாலியல் பேச்சு என்றாலே முகம் சுளிப்பவரைக் குறிக்கும் ஏளனச் சொல். சிக்கனமாகச் செலவழிப்பவரை 'ப்ரூட்' என்று எழுதிவிடாதீர்கள், அவர் மனம் புண்படும்.