முதலில் கொல்லைப்புறம், அப்புறம் பெயர்ப்பலகை

கேள்வி: கிள்ளையில் எங்கள் வீட்டை ஒட்டி ஆறு அறைகள் கட்டி, பிச்சாவரம் வருகிறவர்களைத் தங்க வைக்கிறோம். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த விடுதி’ என்று வாசலில் பலகையும் வைத்திருக்கிறோம். போன மாதம் தங்கிய ஒரு குடும்பம், பின்பக்கம் நாங்கள் பிளாஸ்டிக் பாட்டில்களை எரித்ததைப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டது. போன பெயரை எப்படி மீட்பது? – ஒரு வாசகி

பதில்: அந்தப் படம் உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று தெரிகிறது, சகோதரி. நீங்கள் மறைக்காமல் எழுதியதே நல்ல தொடக்கம்.

ஓர் இடத்தைப் பற்றி மனதில் பதியும் படம் இரண்டு வழியில் வருகிறது. நாம் விளம்பரம் செய்து உண்டாக்குவது ஒன்று. வந்து போனவர் சொன்னது, செய்தியில் படித்தது, சொந்தக்காரர் காட்டிய போட்டோ என்று தானாகச் சேர்வது இன்னொன்று. கிளேர் கன் என்ற சுற்றுலா ஆய்வாளர் 1972-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். இரண்டும் முட்டிக்கொண்டால் ஜனங்கள் நம்புவது இரண்டாவதைத்தான். அதனால் பலகையை மாற்றுவதற்கு முன்னால் கொல்லைப்புறத்தை மாற்றுங்கள்.

பாட்டிலில் தொடங்கலாம். ஆறு அறை, அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கு நாளைக்கு இரண்டு பாட்டில் என்றால் 24. அறைகள் நிரம்பிய நூறு நாளில் 2,400 பாட்டில். இதை எரித்தாலும் தப்பு, புதைத்தாலும் தப்பு. வரவே விடாமல் இருப்பதுதான் வழி. கேன் தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோ வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு சில்வர் ஜக், இரண்டு டம்ளர் கொடுங்கள். படகுக்குப் போகும்போது அவர்கள் கொண்டுவந்த பாட்டிலையே நிரப்பிக் கொடுங்கள். தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் பூசிய டீ கப் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருப்பவை. அவற்றைத் தவிர்ப்பது சட்டக் கடமை, பெருமையாக விளம்பரத்தில் போட வேண்டிய விஷயம் இல்லை.

அடுத்தது கழிவுநீர். என்னைக் கேட்டால் பாட்டிலைவிட இதுதான் பெரிய விஷயம். சில வருடங்களுக்கு முன் கடலூர்ப் பக்கம் ஒரு விடுதியில் தங்கினேன். அறையில் மூங்கில் பிரஷ், துணிப்பை, தேங்காய்ச் சிரட்டையில் சோப்பு என்று எல்லாம் அழகாக இருந்தது. விடியற்காலையில் பின்பக்கம் போனால், சமையலறைக் குழாயிலிருந்து எண்ணெய் மிதக்கும் தண்ணீர் நேராக வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. கரையோரம் கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில் குத்தி வைத்தாற்போல் நிற்கும், இல்லையா? அங்கே அத்தனையிலும் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. சேற்றுக்குள் இருக்கும் வேர்களுக்குக் காற்று போவதே அந்த மூச்சுவேர் வழியாகத்தான். அன்று காலைச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

உங்கள் பக்கம் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். உறிஞ்சுகுழி வெட்டினால் கழிவு கால்வாய்க்கே கசிந்து போகும். அதனால் கழிப்பறைக்கு அடி பூசிய, கசியாத தொட்டி கட்டி, லாரி வைத்து அள்ளிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். சமையல், குளியல் தண்ணீரை எண்ணெய் பிரிக்கும் சின்னத் தொட்டியில் தேக்கி, கல்வாழைப் பாத்திக்கு விடலாம். செலவுதான். ஆனாலும் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

அப்புறம் காடு. உங்கள் விருந்தினர் வருவது அதற்காகத்தானே? சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை இந்தச் சுரபுன்னைக் காட்டில் வளர்வதும், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதும் பல பேருக்குத் தெரியாது. முன்பு மரத்தை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, உப்பேறி, எதுவும் முளைக்காமல் போனது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர், அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தில் வரும் தண்ணீர், வந்து போக வழி செய்த பிறகுதான் அங்கே மறுபடி கன்று பிடித்தது. இதையெல்லாம் உங்கள் ஊர் ஆட்களே சொல்லட்டும். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்குத் தெரிந்த காடு, வெளியூர் வழிகாட்டிக்குத் தெரியாது. நியாயமான கூலி கொடுத்து அவர்களைக் கூட்டிப் போங்கள். குறுகலான கால்வாய்க்குத் துடுப்புப் படகையே பரிந்துரையுங்கள்.

இனி பலகை. ஓட்டல்களில் ‘பூமியைக் காக்கத் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்’ என்று அட்டை வைப்பார்களே, அதைப் பார்த்துத்தான் 1986-ல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் ‘கிரீன்வாஷிங்’ என்ற சொல்லை உருவாக்கினார். பச்சைப் பூச்சு என்று சொல்லலாம். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கென வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. ‘சூழலுக்கு உகந்தது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது, ஆதாரம் வேண்டும். பிச்சாவரம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அது காட்டுக்குக் கிடைத்த மதிப்பு, உங்கள் விடுதிக்கான சான்றிதழ் இல்லை. புதுச்சேரி ஈடன் கடற்கரைக்குக் கிடைத்த நீலக்கொடி என்ற சர்வதேசக் கடற்கரைச் சான்றும் அப்படித்தான், அந்தக் கடற்கரைக்கு மட்டும். அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

எனவே இப்போதைக்குப் பலகையைக் கழற்றிவிடுங்கள். பாட்டில் நின்று, தொட்டி கட்டி முடிந்ததும் ‘இங்கே பிளாஸ்டிக் பாட்டில் இல்லை, கழிவுநீர் கால்வாயில் கலப்பதில்லை’ என்று இரண்டே வரி எழுதி மாட்டுங்கள். கேட்கிற விருந்தினரைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

படம் போட்ட குடும்பத்துக்கு இன்றே அதே இடத்தில் பதில் எழுதுங்கள். எரித்தது தப்பு என்று ஒப்புக்கொள்ளுங்கள், சாக்குச் சொல்லாதீர்கள், பதிவை எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். பின்பக்க வேலை முடிந்ததும், அவர்கள் எடுத்த அதே மூலையைப் படம் எடுத்து அந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள்.