டர்போ காரில் எத்தனால் ஊற்றினால் பவர் கூடுமா?

ஏற்காடு ஏறுவதற்காகவே காரை ட்யூன் செய்யும் சேலத்துப் பையன்கள் அடிக்கடி கேட்பது இது.

எத்தனால் என்பது மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகு), மக்காச்சோளம் போன்றவற்றைப் புளிக்கவைத்து வடிக்கும் சாராயம்தான். நம் ஊரில் ஜவ்வரிசிக்கு அரைக்கும் மரவள்ளியிலிருந்தும் எடுக்கலாம். இ85 என்றால் அதில் 85 சதவீதம் வரை எத்தனால், மீதி பெட்ரோல்.

டர்போ, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிறது. அழுத்தினால் சூடாகும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றைத் திரும்பி ஆக்சிலரேட்டரை அமுக்கும்போது, அந்தச் சூட்டில் பெட்ரோல் கலவை தன்பாட்டுக்கு வெடித்து 'டக் டக்' என்று தட்டும். இன்ஜின் கம்ப்யூட்டர் உடனே பவரைக் குறைத்துவிடும். எத்தனால் அப்படிச் சட்டென்று தானாகப் பற்றாது. அதோடு, ஆவியாகும்போது சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். கையில் சானிடைசர் விட்டதும் ஜில்லென்று இருக்குமே, அதே சங்கதிதான் இன்ஜினுக்குள்ளும். அதனால் டர்போ அழுத்தத்தைத் துணிந்து கூட்டலாம், பவரும் கூடும்.

சரி, இந்தப் பவருக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? 1 கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்றியாக வேண்டும். எரிபொருளைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப், எத்தனாலைத் தாங்கும் ரப்பர் குழாய், புது ட்யூனிங் எல்லாம் தேவை. மைலேஜைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எத்தனாலில் சக்தி அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ட்யூன் செய்யாத காரில் இ85 ஊற்றினால் இன்ஜின் திணறத்தான் செய்யும்.