சுட்டால் பொறுக்க வேண்டாம், பொத்தானை அழுத்துங்கள்

கேள்வி: கர்ப்பப்பைக் கட்டியை, எம்ஆர்ஐ படத்தில் சூட்டைப் பார்த்தபடி ஒலியலையால் சுடச் சென்னைக்குப் போகிறேன். எம்ஆர்ஐ சூட்டைப் பிழையாகக் காட்டினால் குடல் வெந்துவிடும் என்று யூடியூபில் பார்த்தேன். பழைய சீசர் தழும்பும் இருக்கிறது. நோவு தெரியாமல் இருக்க டைக்ளோபெனாக் போட்டுக்கொண்டு போகலாமா?
— வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: போடாதீர்கள் சகோதரி. பேசக்கூடிய அளவு லேசான மயக்கமும் நோவு மருந்தும் அங்கே அளந்து தருவார்கள். நீங்களாக ஒரு குளிசை சேர்த்தால் அந்த அளவு குழம்பிவிடும். அன்று எம்ஆர்ஐக்கு அடுத்து, உங்கள் வாய்தான் இரண்டாவது வெப்பமானி.

குடலைப் பற்றிய பயத்தை விடுங்கள். அலை போகும் வழியில் குடல் கிடந்தால் படத்திலேயே தெரியும். கோணத்தை மாற்றுவார்கள், முடியாவிட்டால் அந்த இடத்தில் சுடமாட்டார்கள்.

எம்ஆர்ஐ சூட்டை நேரே அளப்பதில்லை. திசுவின் நீரில் உள்ள ஐதரசனின் அதிர்வெண், ஒரு பாகை சூடேறினால் பத்துக் கோடியில் ஒரு பங்கு குறையும். சுடுமுன் எடுத்த படத்தோடு, சில செக்கனுக்கு ஒருமுறை எடுக்கும் படத்தை ஒப்பிட்டு அந்தக் குறைவைக் கணக்கிடுகிறார்கள். கட்டி 55 பாகைக்கு மேல் ஏற வேண்டும். இடையில் நீங்கள் சில மில்லிமீற்றர் அசைந்தாலே கணக்குப் பிழைத்து, சூடாகாத இடம் சூடானதாகத் தெரியும். அசைந்துவிட்டால் சொல்லுங்கள், முதல் படத்தைத் திரும்ப எடுப்பார்கள்.

இந்த முறைக்குக் கண் தெரியாத இடங்கள் இரண்டு: வயிற்றுத் தோலுக்குக் கீழுள்ள கொழுப்பு, நாரிக்குப் பின்னால் உள்ள எலும்பு. கொழுப்பின் சூட்டை வேறு வழியில் அளக்கவும், ஒரே நேரத்தில் பல தளங்களைப் பார்க்கவும் புதிய முறைகள் வருகின்றன. உங்கள் இயந்திரத்தில் எது இருக்கிறது என்று கேளுங்கள். எது இருந்தாலும், தோல் சுட்டாலோ, நாரியிலிருந்து காலுக்கு மின்சாரம் பாய்ந்தது போல இழுத்தாலோ, கையில் தந்த நிறுத்தும் பொத்தானை அந்தக் கணமே அழுத்துங்கள். "கொஞ்சம் பொறுப்போம்" என்று பல்லைக் கடிப்பதுதான் நம் பெண்களின் வழக்கம். இங்கே அது ஆபத்து: காலின் நரம்பு அந்த எலும்பை ஒட்டியே ஓடுகிறது. எலும்பு ஒலியை நன்றாக உறிஞ்சிச் சூடாகும்.

தழும்பும் அப்படித்தான், பக்கத்துத் தோலைவிடக் கூடச் சூடேறும். முன்கூட்டியே சொல்லுங்கள், தழும்பை மறைத்தோ அலையைச் சாய்த்தோ சுடுவார்கள். அன்று வயிற்றில் எண்ணெய், கிரீம் பூசாதீர்கள். முடியை வழித்துவிடுவார்கள், அதில் சிக்கும் காற்றுக்குமிழிதான் தோலைச் சுடும். சூட்டுக்குச் சூடு ஆறவிடும் இடைவெளியையும் அவசரப்படுத்தாதீர்கள்.

திரும்பி வந்தபின் இரண்டொரு நாள் மாதவிடாய் நோவு போல இருப்பது ஒன்றுமில்லை. ஆனால் பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ, வயிற்றுத் தோல் கொப்பளித்தாலோ கல்லாய் இறுகினாலோ, காய்ச்சலோடு நாற்றமான கசிவு வந்தாலோ, அன்றே மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். சென்னையில் தந்த அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள்.