சில ஆங்கில எழுத்துகளைத் தந்தால், அவை எல்லாம் வரும் சொற்களை எப்படித் தேடுவது?

"மகள் தரம் எட்டு. நாலைந்து எழுத்துகளைக் கொடுத்து, அவை வரும் ஆங்கிலச் சொற்களை எழுதி வரச் சொல்கிறார்கள். இணையத்தில் பார்த்து எழுதாமல் தானே கண்டுபிடிக்க வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பு, கல்லடியில் பின்னேர வகுப்பில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன், இந்த விளையாட்டு எங்கள் வகுப்பிலும் நடக்கும். வழி தாராளமாக உண்டு.

முதலில் ரீச்சர் கேட்பது எது என்று மகளிடம் விசாரியுங்கள். தந்த எழுத்துகள் எல்லாம் இருந்தால் போதுமா, வேறு எழுத்தும் கலக்கலாமா? இல்லை, தந்ததை மட்டும் வைத்துத்தான் சொல் கட்ட வேண்டுமா? இரண்டும் வேறு வேறு வேலை. உங்கள் கேள்வியைப் பார்த்தால் முதலாவதுதான் போலிருக்கிறது, அதையே விரிவாகச் சொல்கிறேன்.

பிள்ளைகள் காதால் தேடுவார்கள். அங்கேதான் சிக்கல். ஒருநாள் பலகையில் ஜி, எச், ரி, ஆர் (G, H, T, R) என்று நாலு எழுத்தை எழுதிவிட்டேன். உடனே ரைட், பிரைட், டோட்டர் என்று மளமளவென்று வந்தது. ஜி, எச், ரி மூன்றும் ஒட்டி வரும் சொற்கள் அவர்களுக்கு மனப்பாடம். அந்த வரிசை முடிந்ததும் வகுப்பே அமைதி. "சேர், இனி இல்லை" என்றார்கள். "ஒட்டித்தான் வரவேண்டும் என்று ஆர் மனே சொன்னது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை கேதர் என்றாள். அதற்குப் பிறகு குரோத், டுகெதர், ஸ்ட்ரெங்த் என்று கதவு திறந்தது. கடைசியில் பின்வாங்குப் பொடியன் ஒருவன் போட்டோகிராப் என்றான்! அதில் எச் இரண்டு இடத்தில் இருக்கிறது, இரண்டும் பி எழுத்தோடு சேர்ந்து வேறு ஒலியாகிவிடுவதால் காதுக்கு அகப்படாது. டோட்டரில் ஜியும் எச்சும் இருந்தும் வாய்க்குள் வராதது மாதிரித்தான். அதனால் எழுத்துகளைக் கடதாசியில் கலைத்து, வட்டமாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வரியில் எழுதினால் கண் அந்த வரிசையையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

மறுகா, எந்த எழுத்தில் தொடங்குவது என்பது. கஷ்டமான எழுத்தில்தான். கியூ, ஈ, ரி என்று தந்திருந்தால் ஈயில் தொடங்கும் பிள்ளை கரைசேராது, ஈயும் ரியும் உள்ள சொல் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கியூவைப் பிடித்தால் யூ தானாகப் பின்னால் வரும். பிறகு குவெஸ்சன், குவயட், குவார்ட்டர், ரிகுவெஸ்ட், அன்டீக், டெக்னிக், எட்டிகெட் எல்லாம் கைக்கெட்டும் தூரம்.

எது கஷ்டமான எழுத்து என்று தெரியாவிட்டால், எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்க்ரபிள் விளையாட்டின் பெட்டியைப் பாருங்கள். அதை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் ஓர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களில் பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தரம் வருகிறது என்று எண்ணித்தான் எழுத்துகளைப் பங்கிட்டார். ஆங்கிலப் பெட்டியில் உள்ள 100 வில்லைகளில் ஈ மட்டும் 12, ஏயும் ஐயும் ஒன்பது ஒன்பது. கியூ, இசட், ஜே, கே, எக்ஸ் ஒவ்வொன்றுதான். இந்த ஐந்தில் ஒன்று உங்கள் மகளின் பட்டியலில் இருந்தால் அங்கேயே தொடங்கட்டும். இல்லாவிட்டால் சொல்லின் வாலைப் பார்க்கலாம்: என், ஜி இரண்டும் இருந்தால் முன்னால் ஓர் ஐயைப் போட்டு 'இங்' ஆக்கிப் பார்ப்பது, ரி, ஓ, என் இருந்தால் 'ஷன்' என்று முடியும் சொற்களை நினைப்பது.

தந்ததை மட்டும் வைத்துக் கட்டும் விளையாட்டுக்கு எங்கள் ஊர்ப் பெயரே நல்லது. மட்டக்களப்பைப் பட்டிக்கலோவா என்று ஆங்கிலத்தில் எழுதினால் போட், கோட், கோல் (நிலக்கரி), அட்டிக், டோட்டல், கோபால்ட் எல்லாம் உள்ளே கிடைக்கும். லோக்கல் என்று யாராவது ஒருவர் கட்டாயம் எழுதுவார், ஆனால் பெயரில் எல் ஒன்றுதான், அது செல்லாது. எழுத்து எத்தனை தரம் வருகிறது என்ற கணக்கு இங்கே முக்கியம். அம்பாறைக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இதில் அநியாயம். ஆறு எழுத்தில் மூன்று ஏ, மிஞ்சுவது மேப், ஆர்ம், ராம்ப் மாதிரிச் சின்னச் சொற்கள்தான்.

மகள் எழுதி முடித்த பிறகு விடுபட்டதைப் பார்க்கக் கணினியைத் திறக்கலாம். நட்சத்திரக் குறி போட்டுத் தேடும் அகராதித் தளங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவில் ஜி, எச், ரியைச் சேர்த்து எழுதினால் அவை அதே வரிசையில் ஒட்டி வரும் சொற்கள் மட்டுமே வரும், கேதரும் போட்டோகிராப்பும் வராது. வரிக்கு ஒரு சொல் உள்ள பட்டியல் கையில் இருந்தால் எக்ஸெலே போதும். ஒவ்வோர் எழுத்துக்கும், அது சொல்லில் இருந்தால் எண் காட்டும் 'சேர்ச்' (SEARCH) என்ற தேடல் சூத்திரம் ஒன்றைப் போட்டு, எல்லாவற்றிலும் எண் விழுந்த வரிகளை வடித்து எடுங்கள். ஃபைண்ட் சூத்திரம் வேண்டாம், அது பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்கும். ஒரே எழுத்துகளை மாற்றிப் போட்டு வரும் லிஸன், சைலன்ட், என்லிஸ்ட் போன்றவற்றுக்கு வேறு தந்திரம்: ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கினால் மூன்றும் ஒரே மாதிரி வந்து நிற்கும்.

ஸ்க்ரபிள்காரருக்கான தளங்களில் பார்த்து எழுதுவதென்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே கியூவும் ஐயும் மட்டும் சேர்ந்த 'சீ' என்பதுகூட ஒரு சொல்தான். கொப்பியில் எழுதினால் ரீச்சர் பிழை போடக்கூடும். அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிற பிள்ளை என்றால் எழுதட்டும்.