லூக்கின் மஞ்சள் வாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கென்னர் கம்பெனி ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்காகச் செய்த பழைய லூக் ஸ்கைவாக்கர் பொம்மை ஒன்று, அட்டைப் பொதி இல்லாமல், அமெரிக்காவில் ஒருவரிடம் விலைக்கு இருக்கிறது. ‘1977 ஒரிஜினல், வாளோடு, டபுள் டெலஸ்கோப்பிங்’ என்கிறார். சாதாரண லூக்கைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார். உடம்பு பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. காலில் 1977 என்றும் இருக்கிறது. நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறார். நம்பி வாங்கலாமா?

கா.

அன்புள்ள கா,

அந்த நான்கு படங்களில் வலது கையைக் கிட்டத்தில் காட்டும் படம் ஒன்றாவது இருக்கிறதா? இல்லையென்றால் இன்னும் பணம் அனுப்பாதீர்கள். அவர் கேட்கும் விலையில் பெரும்பகுதி அந்தக் கைக்குள் இருக்கும் மஞ்சள் குச்சிக்கு, அதாவது வாளுக்குத்தான்.

காலில் இருக்கும் 1977 பதிப்புரிமை ஆண்டு. பொம்மை செய்த ஆண்டு அல்ல. அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கென்னரிடம் பொம்மையே தயாராக இல்லை. பின்னால் தபாலில் அனுப்புவதாகச் சொல்லி ஒரு சான்றிதழை உறையில் போட்டு விற்றார்கள். லூக் குழந்தைகளின் கைக்கு வந்தது 1978-இல். 80களில் வந்த லூக்கின் காலிலும் அதே 1977 இருக்கும். ஆகவே அது கென்னர் அச்சு என்பதற்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். முதல் வரிசையில் வந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இனி வாள். லூக்கின் வலது கை உள்ளே குழிவானது. கையின் அடியில் ஒரு பிளவு, அதில் ஒரு சின்ன நீட்டல். அதை நகத்தால் தள்ளினால் உள்ளங்கை வழியாக வாள் வெளியே வரும். சாதாரண வாள் ஒரே துண்டு: தடித்த பகுதி, அதன் முனையில் மெல்லிய நுனி, இரண்டும் ஒட்டியே இருக்கும். ஆரம்பத்தில் வந்த சிலவற்றில் தடித்த பகுதி ஒரு குழல். மெல்லிய குச்சி அதற்குள்ளிருந்து தனியாக நீளும், தனியாக உள்ளே போகும். டபுள் டெலஸ்கோப்பிங் என்பது இதுதான். லூக், பென் கெனோபி, டார்த் வேடர் மூவருக்கும் இப்படி வந்தது, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள்.

அதனால் விற்பவரிடம் படம் கேட்காதீர்கள், வீடியோ கேளுங்கள். நடுவில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்கச் சொல்லுங்கள்: நீட்டலை முழுக்கத் தள்ள வேண்டும், தடித்த பகுதி வெளியே வந்து நிற்க வேண்டும், பிறகு மெல்லிய குச்சியை மட்டும் மெதுவாக இழுத்துக் காட்டி, திரும்ப உள்ளே தள்ள வேண்டும். தடித்த பகுதி அசையாமல் குச்சி மட்டும் நகர்ந்தால்தான் பேச்சைத் தொடரலாம். அதுவும் முழு நிரூபணம் ஆகாது. போலி செய்கிறவர்களுக்கும் இது தெரியும். இந்த விலைக்கு, பழைய கென்னர் வாள்களைக் கையில் எடுத்துப் பழகிய ஒருவர் பார்த்துச் சொல்வது அவசியம்.

சாதாரண வாள் என்று தெரிந்தாலும் சோதனை முடியவில்லை. நுனி ஒடிந்தது, பல்லால் கடித்தது, வெட்டிச் சரிசெய்தது என்று பலவிதம் வரும். எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாறுவது அசல் உடம்பில் புது வாளைச் செருகித் தருவதில்தான். நுனி மொண்ணையாக இருந்தாலும், மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தாலும், உள்ளே காற்றுக் குமிழ் தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். தண்ணீரில் மிதந்தால் அசல் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். அவ்வளவு மெல்லிய குச்சியை நீரின் மேற்பரப்பே தாங்கிவிடும். மிதக்கும் போலியும் உண்டு, மூழ்கும் அசலும் உண்டு.

வெள்ளை உடம்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. இந்தப் பிளாஸ்டிக் நாளாக ஆக மஞ்சளடிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளிச்சத்தில் வைத்தால் வெளுக்கும்; ஆனால் மஞ்சள் திரும்ப வரலாம். இருட்டுப் பெட்டியில் கிடந்த பொம்மையும் வெள்ளையாக இருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. மார்பும் இரண்டு கைகளும் ஒரே வெள்ளையா, திட்டுத் திட்டாக இருக்கிறதா, இடுப்புப் பட்டையின் பெயின்ட் மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெளுக்க வைத்தாரா என்று நேராகவே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றவை சுலபம். மூக்கு நுனி, முன்முடி, கைவிரல் ஆகிய இடங்களில்தான் பெயின்ட் முதலில் போகும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பின்னால் பூசிய இடம் வேறு மினுமினுப்பில் தெரியும். தூக்கிய கை அப்படியே நிற்க வேண்டும், பொம்மை தானாக நிற்க வேண்டும். பாதத்தின் அடியிலுள்ள ஓட்டை விண்டிருக்கக் கூடாது. முடி பழுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், அப்படியும் வந்திருக்கிறது.

2015-இல் சோத்பிஸ் ஏலத்தில் 25,000 டாலருக்குப் போன லூக்கை விற்பவர் உதாரணம் காட்டலாம். அது பிரிக்காத அட்டையில் இருந்தது. பிரித்த பொம்மைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

வீடியோ தர மறுத்தால், சாதாரண லூக்கின் விலைக்குத் தருவாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வாங்குவது என்று முடிவானால், அனுப்பும் முன் வாளை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, வலது கை எதிலும் அழுந்தாதபடி கட்டச் சொல்லுங்கள். நாற்பது வருடம் தாண்டிய குச்சி, ஒரு தட்டுக்கே ஒடிந்துவிடும்.